நுரையீரலில் எலும்பு உருவாக்கும் புற்றுநோய்: முழங்காலையும் மார்பகத்தையும் ஏன் பரிசோதிக்கச் சொல்கிறார்கள்?

தாமிரபரணி

எல்லோருக்கும் வணக்கம். என் அத்தைக்கு 61 வயது. புகைப் பழக்கமோ சர்க்கரையோ கிடையாது. சில மாதங்களாக இருமல் விடவில்லை, பிறகு சளியில் லேசாக ரத்தம் வந்தது. சி.டி. எடுத்ததில் இடது நுரையீரலின் மேல் பகுதியில் சுமார் 7 செ.மீ. கட்டி. அதன் உள்ளே திட்டுத் திட்டாக வெள்ளையாகத் தெரிகிறது.

ஊசி பயாப்ஸி செய்தார்கள். ரிப்போர்ட்டில் இருப்பதன் சாரம் இது: ஆஸ்டியாய்டு உருவாக்கும் தீவிர வகை சார்கோமா (எலும்பு, தசை போன்ற திசுக்களில் வரும் புற்றுநோய்); நுரையீரலிலேயே தொடங்கிய ஆஸ்டியோசார்கோமாவாக இருக்கலாம், வேறு இடத்திலிருந்து பரவியதாக இருக்கலாம், சார்கோமடாய்டு கார்சினோமாவாகவும் (உறுப்புகளின் மேல்படலச் செல்களில் தொடங்கி சார்கோமா போல உருமாறும் புற்றுநோய்) இருக்கலாம்; மற்ற பரிசோதனைகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது டாக்டர் போன் ஸ்கேன், பெட் சி.டி., மாமோகிராம், இடுப்புப் பகுதி ஸ்கேன் எல்லாம் எழுதித் தந்திருக்கிறார். மாமா உடைந்து போயிருக்கிறார். "கட்டி நெஞ்சுல இருக்கு. இவங்க மார்புலயும் காலுலயும் கர்ப்பப்பையிலயும் எதைத் தேடுறாங்க? அதுக்குள்ள பரவிடாதா?" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொன்னி_மைந்தன்

தம்பி, காசநோய் இல்லை என்று உறுதி செய்துவிட்டார்களா? நான் மார்புநோய்ப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நம் ஊரில் நுரையீரலில் வெள்ளையாகத் தெரிந்தால் அதில் பெரும்பாலானவை ஆறிப்போன பழைய டி.பி. தழும்பில் சுண்ணாம்பு படிந்தவைதான். உலகத்தின் டி.பி. நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியாவில்தான் இருக்கிறார். சளிப் பரிசோதனை, ஜீன் எக்ஸ்பர்ட் எல்லாம் எடுத்தார்களா?

தாமிரபரணி

எடுத்தார்கள் ஐயா. இரண்டும் நெகட்டிவ். முதலில் பார்த்த டாக்டரும் பழைய டி.பி. தழும்பு என்றுதான் நினைத்தார்.

பொன்னி_மைந்தன்

சரி. அப்படியானால் ஒன்று செய்யுங்கள். பழைய எக்ஸ்ரே ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். கண் ஆபரேஷனுக்கு எடுத்தது, வேலையில் சேரும்போது எடுத்தது, எதுவானாலும் சரி. ஆறிய தழும்பு பத்து வருடம் ஆனாலும் அதே அளவில்தான் கிடக்கும். முன்பு இல்லாமல் இப்போது 7 செ.மீ. இருக்கிறது என்றால் அது தழும்பு இல்லை. பழைய படங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

தகடும்_லென்சும்

தாமிரபரணி, நான் நோய்க்குறியியல் துறையில் இருக்கிறேன். பயாப்ஸியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. அத்தையின் ஸ்லைடை நான் பார்க்கவில்லை. அதனால் அவர் நோய் இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மாமாவின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்டியோசார்கோமா என்பது எலும்பில் வரும் புற்றுநோய். பெரும்பாலும் பதின்ம வயதில், முழங்காலை ஒட்டிய எலும்புகளில் வரும். அது பரவும்போது முதலில் போய்ச் சேருகிற இடம் நுரையீரல். அதனால் நுரையீரலில் எலும்பு உருவாக்கும் கட்டி ஒன்றைப் பார்த்தால், எங்கோ ஓர் எலும்பிலிருந்து வந்தது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். எலும்புக்கு வெளியே, தசை போன்ற மென்திசுக்களில் ஆஸ்டியோசார்கோமா தொடங்குவதே அபூர்வம். மென்திசு சார்கோமாக்களில் அது சுமார் 1 சதவீதம். அதிலும் அதிகமாக வருவது தொடையில். நுரையீரலிலேயே தொடங்குவது அபூர்வத்திலும் அபூர்வம். உலக மருத்துவ இதழ்களில் தனித்தனி நோயாளிகளின் விவரமாக ஒன்றும் இரண்டுமாகத்தான் வந்திருக்கிறது. முழு வாழ்நாளும் ஸ்லைடு பார்த்த ஒரு மருத்துவர்கூட இதை ஒரு முறையும் பார்க்காமல் ஓய்வு பெறலாம்.

அதனால் "இது நுரையீரலிலேயே தொடங்கியது" என்று எழுத மூன்று விஷயங்கள் கைகூட வேண்டும். 1971இல் ஆலன், சோல் என்ற இரு மருத்துவர்கள் எலும்புக்கு வெளியே வரும் ஆஸ்டியோசார்கோமாவுக்கு வகுத்த நிபந்தனைகளை ஒட்டித்தான் இன்றும் நாங்கள் யோசிக்கிறோம். கட்டி முழுவதும் ஒரே மாதிரியான சார்கோமாவாக இருக்க வேண்டும். புற்றுநோய்ச் செல்களே நேரடியாக ஆஸ்டியாய்டையோ எலும்பையோ உருவாக்க வேண்டும். கட்டி எந்த எலும்பிலிருந்தும் கிளம்பியதாக இருக்கக் கூடாது.

இதில் இரண்டாவதை மட்டும்தான் ஊசி பயாப்ஸியால் ஓரளவு காட்ட முடியும். ஆஸ்டியாய்டு என்பது இன்னும் கெட்டிப்படாத எலும்பு. மைக்ரோஸ்கோப்பில் கோணல்மாணலான புற்றுச் செல்களைச் சுற்றி இளஞ்சிவப்பில், பூப்பின்னல் துணி போலப் பரவிக் கிடக்கும். அது உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிறது. மூன்றாவதைத்தான் போன் ஸ்கேனும் பெட் சி.டி.யும் பார்க்கின்றன. ஸ்லைடை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இந்தக் கட்டி எங்கே தொடங்கியது என்பது அதில் தெரியாது. தொடையிலிருந்து வந்ததும் நுரையீரலில் தொடங்கியதும் கண்ணாடித் தகட்டில் ஒன்று போலவே இருக்கும்.

அப்புறம் மார்பகமும் கர்ப்பப்பையும். பெண்களுக்கு மார்பகத்தில் மெட்டாபிளாஸ்டிக் கார்சினோமா என்று ஒரு வகை வரும். அதில் சில கட்டிகள் எலும்பை உருவாக்கும். கர்ப்பப்பையில் வரும், கார்சினோமாவும் சார்கோமாவும் கலந்த கார்சினோசார்கோமாவும் அப்படித்தான். இவை நுரையீரலுக்குப் பரவினால், அங்கே ஊசி போட்டு எடுத்த துணுக்கில் எலும்புப் பகுதி மட்டும் வரக்கூடும். உங்கள் டாக்டர் மாமோகிராம் எழுதியிருக்கிறார் என்றால் சரியாக யோசிக்கிறார் என்று அர்த்தம். மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்: அவர்கள் திசை தெரியாமல் தேடவில்லை. இந்த நோயைப் பொறுத்தவரை, அந்தத் தேடல் முடிந்தால்தான் நோயைக் கண்டுபிடித்ததாகவே ஆகும்.

இரண்டு கேள்விகள். அத்தைக்குச் சின்ன வயதில் கை கால் எலும்பில் கட்டி, ஆபரேஷன் ஏதாவது உண்டா? நெஞ்சுக்கு எப்போதாவது கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருக்கிறாரா? கதிர்வீச்சு பட்ட இடத்தில் பல வருடம் கழித்து சார்கோமா வருவது உண்டு. நெஞ்சுப் பகுதியில் என்றால் விலா எலும்பில் தொடங்கி நுரையீரலுக்குள் நீண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தாமிரபரணி

மிக்க நன்றி மேடம். இரண்டுமே இல்லை. கட்டிக்கும் விலா எலும்புக்கும் தொடர்பில்லை என்று சி.டி. ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார்கள். உங்கள் பதிவை மாமாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். மாமோகிராமுக்குச் சம்மதித்துவிட்டார்.

கேள்விக்குறி

எல்லோரும் சொல்வது புரிகிறது. ஆனால் 7 செ.மீ. தீவிர வகைக் கட்டி. எங்கே தொடங்கியிருந்தால் என்ன, புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது இல்லையா? கீமோவை உடனே ஆரம்பித்துவிட்டு மீதியை அப்புறம் தேடலாமே. பெயர் வைக்கும் வரை நோய் காத்திருக்குமா?

மேற்குமலை

கேள்விக்குறி, உங்கள் பதற்றம் நியாயமானது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கும் நுரையீரலில் எலும்புப் பகுதியோடு கட்டி. முதலில் கொடுத்த பரிசோதனைக்கூடத்தில் சின்னத் துணுக்கை வைத்து "ஆஸ்டியோசார்கோமா" என்று ஒரே வரியில் எழுதிவிட்டார்கள். ஏன் அப்படி முடிவு செய்தார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. நாங்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இணையத்தில் தேடித் தேடித் தூக்கம் இழந்தோம்.

ஆபரேஷன் செய்த மருத்துவமனையில் முழுக் கட்டியையும் பல இடங்களில் வெட்டிப் பார்த்தார்கள். ஒரு ஓரத்தில் சாதாரண நுரையீரல் புற்றுநோய்ப் பகுதி, அடினோகார்சினோமா, கிடைத்தது. எனவே அது கார்சினோசார்கோமா. எலும்பு உருவாக்கும் பகுதி அதில் ஒரு பாதி மட்டுமே. அதன் பிறகு பேச்சே வேறு. மரபணுப் பரிசோதனை, இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) பொருந்துமா என்பதெல்லாம் அப்போதுதான் வந்தது. அந்த ஒரு வரி ரிப்போர்ட்டை நம்பி வேறு மருந்தை ஆரம்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. பெயர் சரியாக வைப்பது வீண் வேலை இல்லை.

தகடும்_லென்சும்

மேற்குமலை சொன்னதுதான் நான் முன்பு எழுதிய முதல் நிபந்தனை: கட்டி முழுவதும் ஒரே மாதிரி இருக்கிறதா? ஊசியில் வருவது நூல் போன்ற துணுக்கு. 7 செ.மீ. கட்டியில் அது எவ்வளவு சிறிய பகுதி என்று யோசித்துப் பாருங்கள். அதனால் ஊசி பயாப்ஸியை வைத்து "ஆஸ்டியாய்டு உருவாக்கும் சார்கோமா, மற்றவற்றை விலக்க வேண்டும்" என்று எழுதுபவரே நேர்மையாக எழுதுகிறார். அத்தையின் ரிப்போர்ட் அப்படித்தான் இருக்கிறது. அது குழப்பமான ரிப்போர்ட் இல்லை, நல்ல ரிப்போர்ட்.

கேள்விக்குறிக்கு: சிகிச்சை உண்மையிலேயே மாறும். எலும்பிலிருந்து பரவியது என்றால் மூல எலும்பையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். சார்கோமடாய்டு கார்சினோமா என்றால் அவற்றில் ஒரு பகுதியில் மெட் என்ற மரபணுவில் எக்ஸான் 14 என்ற பகுதி விடுபடும் மாற்றம் இருக்கும். அதற்கென்றே கேப்மாடினிப், டெபோடினிப் என்று மாத்திரைகள் வந்துவிட்டன. நுரையீரலிலேயே தொடங்கி அங்கேயே நிற்கிற ஆஸ்டியோசார்கோமா என்றால் அறுவை சிகிச்சைதான் முக்கியம். முழுதாக வெட்டி எடுக்கக்கூடிய கட்டிக்குத் தவறான கீமோ கொடுத்து அது வளர்ந்துவிட்டால் அந்த வாய்ப்பே போய்விடலாம்.

தாமிரபரணி, செல்களில் எந்தப் புரதம் இருக்கிறது என்று காட்டும் சாயப் பரிசோதனைகள், அதாவது ஐ.எச்.சி., ரிப்போர்ட்டில் இருக்கிறதா? சைட்டோகெராட்டின், டி.டி.எப்.1, பி40, சாட்பி2 பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள்?

தாமிரபரணி

இருக்கிறது மேடம். சைட்டோகெராட்டின், டி.டி.எப்.1, பி40 மூன்றும் நெகட்டிவ். சாட்பி2 பாசிட்டிவ். எம்.டி.எம்.2 பிஷ் நெகட்டிவ் என்று கடைசியில் ஒரு வரி.

தகடும்_லென்சும்

ஒழுங்காக வேலை செய்திருக்கிறார்கள். முதல் மூன்றும் கார்சினோமாவைக் காட்டிக்கொடுக்கும் புரதங்கள்; அவை நெகட்டிவ் என்றால் கார்சினோமாவின் பக்கம் சாட்சி இல்லை, குறைந்தபட்சம் இந்தத் துணுக்கில் இல்லை. சாட்பி2 எலும்பு உருவாக்கும் செல்களில் வரும் புரதம். ஆனால் அது மட்டுமே போதாது. குடல் புற்றுநோயிலும் அது பாசிட்டிவாக வரும். உருவத்தோடு சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எம்.டி.எம்.2 என்ற மரபணுவைப் பிஷ் என்ற சோதனையில் பார்த்தது, கொழுப்புத் திசு சார்கோமா ஒன்று உருமாறி எலும்பு உண்டாக்கியிருக்கிறதா என்பதை விலக்க.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நோயாளி வீட்டாருக்கு யாரும் சொல்லாத விஷயம். எலும்பு இருக்கும் திசுவை அப்படியே மெல்லிசாகச் சீவ முடியாது. முதலில் அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும். அமிலத்தில் போட்டால் சீக்கிரம் கரையும், ஆனால் டி.என்.ஏ. சிதைந்துவிடும். பிறகு மரபணுப் பரிசோதனை செய்ய முடியாது. ஈ.டி.டி.ஏ. கரைசலில் போட்டால் நாள் கூடுதலாகும், ஆனால் டி.என்.ஏ. தப்பும். "பயாப்ஸி ரிசல்ட் ஏன் இத்தனை நாள்" என்று கோபப்படுகிறவர்கள் இதையும் மனதில் வையுங்கள். ஆபரேஷன் ஆனால், கெட்டிப்படாத பகுதியைத் தனியாக எடுத்து வையுங்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

தாமிரபரணி

அவசரமாக ஒரு கேள்வி. போன் ஸ்கேன் வந்துவிட்டது. நுரையீரல் கட்டி பளிச்சென்று தெரிகிறது. ஆனால் வலது முழங்காலிலும் ஸ்கேன் மருந்து கூடுதலாக ஏறியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். மாமா அழுகிறார். அப்படியானால் முழங்காலில்தான் தொடங்கியதா?

காமா

அண்ணா, பயப்படாதீர்கள். நான் அணு மருத்துவப் பிரிவில் டெக்னாலஜிஸ்ட். ரிப்போர்ட் எழுதுவது டாக்டர்தான், ஆனால் ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன்.

ஊசியில் ஏற்றுவது டெக்னீசியம் 99எம் கலந்த எம்.டி.பி. மருந்து. புதிதாக எலும்பு எங்கே உருவாகிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு முதல் நான்கு மணி நேரம் கழித்துப் படம் எடுப்போம். அத்தையின் நுரையீரல் கட்டி தானே எலும்பை உருவாக்குவதால் அதுவும் மருந்தை இழுக்கிறது. சாதாரண நுரையீரல் புற்றுநோய்க் கட்டி இப்படி ஒளிர்வது அபூர்வம். அதனால் அதுவே ஒரு தடயம்.

ஆனால் இந்த மருந்துக்குப் புற்றுநோய் என்றோ மூட்டுத் தேய்மானம் என்றோ வித்தியாசம் தெரியாது. பழைய எலும்பு முறிவு, வாதம், தேய்ந்த முழங்கால் எல்லாமே ஏற்கும். 60 வயதைத் தாண்டியவர்களின் ஸ்கேனில் முழங்கால் சும்மா இருப்பதுதான் குறைவு. அத்தைக்கு அந்தக் கால் வலிக்குமா? ரிப்போர்ட்டில் ஏற்றது மூட்டின் இரு பக்கமும் என்று இருக்கிறதா, இல்லை ஓர் எலும்பின் நடுவில் என்று இருக்கிறதா?

தாமிரபரணி

மூட்டின் இரு பக்கமும், உட்புறத்தில் என்று இருக்கிறது. மாடிப்படி ஏறினால் வலிக்கிறது என்று பல வருடமாகச் சொல்வார்.

காமா

அப்படியானால் தேய்மானமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் விட்டுவிடக் கூடாது. சாதாரண எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுத்து உறுதி செய்யச் சொல்லுங்கள். இந்த நோயில் முழங்கால்தான் மிகவும் சந்தேகத்துக்குரிய இடம் என்பதால் "தேய்மானம்தான்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போக முடியாது.

தகடும்_லென்சும்

காமா சொல்வது சரி. ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் பார்த்திருப்பார்கள். அது கூடுதலாக இருந்தாலும் தனியாக அதை வைத்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம். கல்லீரல் கோளாறிலும் கூடும். நுரையீரல் கட்டியே எலும்பு உண்டாக்குவதாலும் கூடலாம். சிகிச்சைக்குப் பிறகு இறங்குகிறதா என்று பின்தொடர அந்த எண் உதவும், குறித்து வையுங்கள்.

கேள்விக்குறி

மேடம், என் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொன்னதற்கு நன்றி. எங்கள் வீட்டிலும் இப்போது ஒருவருக்கு நுரையீரல் கட்டிக்குப் பரிசோதனை நடக்கிறது, அதனால்தான் அப்படிக் கேட்டேன். இரண்டாவது கருத்துக் கேட்க வேண்டுமென்றால் நோயாளியைத்தான் அழைத்துப் போக வேண்டுமா?

தகடும்_லென்சும்

தேவையில்லை. பயாப்ஸியின் பாரபின் பிளாக்கும் (மெழுகில் பதித்த திசு) ஸ்லைடுகளும் இருந்தால் போதும். சோதனைக்கூடத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கலாம், நோயாளிக்கு அந்த உரிமை உண்டு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., மும்பை டாடா மெமோரியல் போன்ற பெரிய மையங்களில் சார்கோமா பார்த்துப் பழகிய நோயியல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். சி.டி. படங்களையும் சேர்த்துக் கொடுங்கள். படம் இல்லாமல் எலும்புக் கட்டியை ரிப்போர்ட் செய்வதை எங்கள் ஆசிரியர்கள் ஒருபோதும் அனுமதித்ததில்லை, நானும் என் மாணவர்களை அனுமதிப்பதில்லை.

தாமிரபரணி

தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாகவே பொழுது போனது.

முழங்கால் எம்.ஆர்.ஐ.யில் தேய்மானம் மட்டுமே. மாமோகிராம், இடுப்புப் பகுதி ஸ்கேன் இரண்டிலும் ஒன்றுமில்லை. பெட் சி.டி.யில் நுரையீரல் கட்டியைத் தவிர வேறெங்கும் சந்தேகம் இல்லை. எல்லா டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் டியூமர் போர்டில் வைத்து, இடது மேல் மடலை முழுதாக எடுத்துவிட்டார்கள். பழைய எக்ஸ்ரேவும் கிடைத்தது ஐயா, கண் ஆபரேஷனுக்கு எடுத்தது. அதில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. டாக்டர் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

முழுக் கட்டியின் ரிப்போர்ட் நேற்று வந்தது. நிறைய பிளாக் எடுத்திருக்கிறார்கள். எங்கும் கார்சினோமா பகுதி இல்லை, எல்லா இடத்திலும் ஆஸ்டியாய்டு உருவாக்கும் சார்கோமாதான். வெட்டிய ஓரங்கள் சுத்தம். நிணநீர் முடிச்சுகளில் இல்லை. நுரையீரலில் தொடங்கிய ஆஸ்டியோசார்கோமா என்று இப்போது உறுதியாக எழுதியிருக்கிறார்கள்.

தகடும்_லென்சும்

நோய் கடுமையானதுதான், அதை மறைக்க மாட்டேன். திரும்ப வரும் வாய்ப்பு உள்ள நோய் இது. ஆனால் முழுதாக எடுக்க முடிந்தது, ஓரங்கள் சுத்தம், வேறெங்கும் இல்லை என்ற மூன்றும் அத்தையின் பக்கம் இருக்கின்றன. கீமோ பற்றி என்ன சொன்னார்கள்?

தாமிரபரணி

டாக்சோரூபிசினும் சிஸ்பிளாட்டினும் கொடுக்கலாம் என்கிறார்கள். ஆனால் இந்த நோய்க்குக் கீமோவால் எவ்வளவு பயன் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு நோயாளிகளே உலகத்தில் இல்லை என்று டாக்டரே திறந்து சொன்னார். மாமா யோசிக்கிறார்.

தகடும்_லென்சும்

உண்மையைச் சொல்லியிருக்கிறார். நுரையீரலுக்கு மட்டும் என்று பெரிய ஆய்வு கிடையாது. எலும்புக்கு வெளியே வரும் ஆஸ்டியோசார்கோமா மொத்தத்துக்கும், 266 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி ஐரோப்பிய எலும்பு, மென்திசுப் புற்றுநோய்க் கூட்டமைப்பு 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஆஸ்டியோசார்கோமாவுக்கான கீமோ பயன் தரக்கூடும் என்பது அதன் பக்கம். அதை ஏற்காத மருத்துவர்களும் இருக்கிறார்கள். என் கருத்து, அத்தையின் இதயமும் சிறுநீரகமும் தாங்கும் என்றால் அந்த வாய்ப்பைத் தவறவிட வேண்டாம் என்பது. ஆனால் முடிவு அத்தையுடையது. மாமா யோசிப்பது சரி, அத்தையிடமும் கேளுங்கள்.

சாரல்

கீமோ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். ஆரம்பிப்பதற்கு முன் எக்கோ எடுத்தார்களா என்று பாருங்கள். டாக்சோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடியது. சிஸ்பிளாட்டினுக்கு முன் கிரியாட்டினினும் காது கேட்கும் திறன் பரிசோதனையும் தேவை, ஏனென்றால் அது சிறுநீரகத்தையும் செவியையும் தாக்கும். ஏற்கனவே காது மந்தம் இருந்தால் முன்னாடியே சொல்லிவிடுங்கள். மருந்து ஏறும் நாளில் நிறைய குளுக்கோஸ், உப்புநீர் ஏற்றுவார்கள், அத்தை அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும். ஒரு பெண் துணை உடன் இருந்தால் நல்லது.

தாமிரபரணி

எக்கோ எடுத்தாகிவிட்டது, நன்றாக இருக்கிறது. காது பரிசோதனை சொல்லவில்லை, நாளைக்கே கேட்கிறேன். அத்தையிடம் நேரடியாகக் கேட்டோம். "எடுத்துக்கலாம், ஆனா பேத்தி காதுகுத்து முடியட்டும்" என்றார். டாக்டரிடம் தேதி கேட்டோம், தையல் ஆறவும் அவ்வளவு நாள் வேண்டும் என்று ஒத்துக்கொண்டார். உடன் இருக்கச் சித்தி வருகிறார்.

சாரல்

நல்லது. போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் வைக்கும் சிறு கருவி) வைக்கலாமா, கை நரம்பிலேயே போடலாமா என்பதையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள். டாக்சோரூபிசின் நரம்புக்கு வெளியே கசிந்தால் தோல் வெந்துவிடும். மெல்லிய நரம்பு உள்ளவர்களுக்கு போர்ட்தான் பாதுகாப்பு. ஏற்றும்போது ஊசி போட்ட இடத்தில் எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே கூப்பிட வேண்டும் என்று அத்தையிடமும் சித்தியிடமும் சொல்லி வையுங்கள்.